பந்தல் துணியும் பூசணமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னே பேசிய அன்பர்கள் இலக்கியச் சோலையில் உங்களை உலாவ அழைத்துச் சென்றார்கள். செயற்குழுவினர் எனக்கு அளித்த பொருளோ அவ்வளவு உயரமானதன்று. நம் தலைக்கு மேலே பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. இப்பொழுது நமக்கு நிழல் தந்துகொண்டிருக்கும் இந்தப் பந்தல் துணியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அண்ணாந்து பார்த்தால், ஓரங்களில் மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரியும். அதுவே பூசணம். மழைக்காலத்தில் நனைந்த துணியை நனைந்தபடியே மடித்து அறையில் அடுக்கியதன் பயன் அது. யார் மடித்தார் என்று ஆராய்வது என் நோக்கமன்று. இனி என்ன செய்வது என்பதே கேள்வி.

இதை எறிந்துவிட்டு வேண்டும்போது வாடகைக்கு எடுக்கலாமே என்று சில நண்பர்கள் கருதுகிறார்கள். வசதியுள்ள குடும்பங்களுக்கு அது எளிது. ஆனால் இந்தத் துணி மணவீட்டுக்கு மட்டுமா போகிறது? பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டு வந்து வாழும் நமக்குள் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால், வந்தவர்கள் வெயிலில் நிற்காதபடி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்பது இந்தப் பந்தல்தான். அந்த வேளையில் வாடகைக்காரரிடம் பேரம் பேச யாருக்கு மனம் வரும்? ஆகவே இதைக் காப்பது சிக்கனம் மட்டுமன்று. ஒருவருக்கொருவர் துணையாயிருக்கும் கடமையுமாகும்.

பூசணம் என்பது அழுக்கன்று, நண்பர்களே. அது ஓர் உயிர். கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்வித்துக்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. ஈரமும், மிதமான வெப்பமும், உண்ண ஏதேனும் ஒன்றும் கிடைத்த இடத்தில் அவை முளைத்து, நூலினும் மெல்லிய வேர் போன்ற இழைகளைப் பரப்புகின்றன. பருத்தி பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. பூசணம் ஒருவகை நொதியைச் சுரந்து அதைக் கரைத்து உண்கிறது. அதனால்தான் பூசணம் பிடித்த துணி நாளடைவில் இற்றுக் கிழிகிறது. நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளைப் பெரும்பாலும் அதனால் உண்ண முடியாது. ஆனால் அவற்றின்மேல் படிந்த தூசி, எண்ணெய்ப் பசை, இலைச்சாறு ஆகியவற்றை உண்டு வளர்ந்து கறையும் நாற்றமும் உண்டாக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரங்கள் பூசணத்தால் வேகமாக இற்றுப்போயின. 1944ஆம் ஆண்டு சாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூகேன்வில் தீவில், இற்றுப்போன பருத்திக் கூடாரத் துணியிலிருந்து ஒரு பூசணத்தைப் பிரித்தெடுத்தார்கள். எல்வின் ரீஸ், மேரி மண்டெல்ஸ் ஆகியோர் அதை நெடுங்காலம் ஆராய்ந்தனர். 1977இல் அதற்கு ரீஸின் பெயரையொட்டி டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிட்டார்கள். கூடாரத்தைத் தின்ற அதே பூசணத்தின் நொதி, இன்று ஜீன்ஸ் துணியை மிருதுவாக்கவும், வைக்கோலிலிருந்து எரிபொருள் வடிக்கவும் பயன்படுகிறது. பகைவனையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டது அறிவியல்! நம் பந்தலில் அவனுக்கு வேலை கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

நம் வடமாலபேட்டைப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் அவனுக்குத் திருவிழாக் காலம். 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்தைச் சேர்ந்தது. நாம் இருக்கும் பகுதி ஆந்திரத்தில் நிலைத்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழை எல்லைக்கல்லைப் பார்த்துப் பெய்வதில்லை. 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் தத்தளித்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்வித்த மழையையும் யாரும் மறந்திருக்க முடியாது. இத்தகைய நாட்களில் அறைக்குள்ளே காற்றே ஈரமாயிருக்கும். நனையாத துணியும் பூக்கும். நனைந்ததைச் சொல்லவா வேண்டும்?

இனி, போக்கும் முறையைச் சொல்கிறேன். தாய்மார்கள் இதை அலமாரித் துணிகளுக்கும் கொள்ளலாம்.

முதலாவது, துணியை நல்ல வெயிலில் முற்றிலும் உலர்த்த வேண்டும். ஈரப் பூசணத்தைத் தேய்த்தால் அது இழைக்குள் இறங்கும், உலர்ந்தால் பொடியாகும். பின்னர்த் திறந்த வெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று துலக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். இளைப்பு நோயுள்ளவர்களும் குழந்தைகளும் அருகே வரலாகாது. அந்தப் பொடி மூச்சில் கலந்தால் இளைப்பு மிகும். மண்டபத்துக்குள்ளே உதறுவது கூடவே கூடாது.

இரண்டாவது, வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்து, மென்மையான தூரிகையால் இரு புறமும் தேய்க்க வேண்டும். கெட்டியான கித்தானுக்குத் தேங்காய் நார் போதும். மழை இறங்காதபடி பூச்சிட்ட துணிக்குக் கொதிநீரும் முரட்டுத் தூரிகையும் ஆகா, பூச்சு உரிந்துவிடும்.

மூன்றாவது, அப்படியும் போகாத கறைக்கு வினிகர் என்னும் காடியைச் சம அளவு நீரில் கலந்து தடவி, அரைமணி நேரம் விட்டு அலச வேண்டும். முதலில் ஒரு மூலையில் தடவிச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். இரும்பு வளையங்களில் காடி தங்கினால் துரு ஏறும். ஆகவே அங்கே நன்றாக அலச வேண்டும்.

நான்காவது, வெளுப்புத்தூள். அது வெள்ளைப் பருத்திக்கு மட்டுமே உரியது. பத்து லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கரையாத தூள் ஒட்டினால் துணியில் ஓட்டை விழும். கால்மணி நேரத்துக்குமேல் ஊறவிட வேண்டாம். சாயத் துணிக்கும் பட்டுக்கும் நைலானுக்கும் அது பகை.

இங்கே ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்கிறேன். வெளுப்புத்தூளோடு காடியையோ, கழிப்பறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள்! அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர நகர்ப் போர்க்களத்தில் படைவீரர்களை மூச்சடைத்துக் கொன்ற வாயு அதுவே. ஒரு நாள் காடி என்றால் காடி மட்டும். வேறொரு நாள் வெளுப்புத்தூள் என்றால் அது மட்டும்.

நம் முன்னோர்க்கு இவையெல்லாம் இல்லையே என்று கேட்கலாம். வண்ணார் பெருமக்கள் உவர்மண்ணில் நனைத்த துணிகளை வெள்ளாவியில் வைத்து அவித்தார்கள். அந்த நீராவியில் எந்தப் பூசணம் பிழைக்கும்? மீனவர்கள் பருத்தி வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்தார்கள். அதன் துவர்ப்பு இழையை இற்றுப்போகாமல் காத்தது. ஏட்டுக் கல்வி இல்லாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் கையில் எத்தகைய அறிவு இருந்தது பாருங்கள்!

கழுவுவதைவிட முக்கியமானது உலர்த்துவது. துணியின் நடுப்பாகம் ஒரு பகலில் காய்ந்துவிடும். ஆனால் தையல், விளிம்பு மடிப்பு, கயிறு நுழையும் பட்டை ஆகியவை ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும். அவற்றைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. வெயில் தாழ்ந்தபின் மடிக்கலாகாது, பனி இறங்கிவிடும். நண்பகல் கடந்து, சூடு தணியுமுன் மடித்துவிட வேண்டும். வெறும் சிமெண்டுத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல், மரச்சட்டத்தின்மேல் காற்றாட அடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளிருக்கும் சிறு ஈரமும் வெளியேறாது. கற்பூரமும் வேப்பிலையும் பூச்சிகளை ஓட்டக்கூடும். பூசணத்துக்கு அவற்றை நம்பலாகாது. மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டும் நாளெல்லாம் ஒருமுறை விரித்தெடுப்பதே சிறந்த மருந்து.

வேறொன்றும் சொல்லிவிடுகிறேன். கழுவியபின்னும் சில இடங்களில் சாம்பல் நிறக் கறை நிற்கலாம். அதைப் பற்றிக் கவலை வேண்டா. கறை உயிரன்று, நாற்றம் நீங்கி, துணியும் இற்றுப்போகாமல் இருந்தால் பந்தல் உழைக்கும். விரலால் இழுத்தாலே கிழியும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டுப் போடலாம். நகரியிலும் புத்தூரிலும் தறிகள் ஓடும்போது துணிக்கா பஞ்சம்? ஆனால் முழுதும் இற்றுவிட்டால் வழியில்லை. முறிந்த எலும்புக்குப் புத்தூர்க் கட்டு உண்டு. இற்ற துணிக்கு எந்த ஊர்க் கட்டும் கிடையாது!

நான் ரயில்வேயில் எழுத்தர். சரக்கு எங்களிடம் வரும்போதே நனைந்திருந்தால், அதை அப்பொழுதே இரசீதில் குறித்துவிடுவோம். பின்னால் வழக்கும் வருத்தமும் வாரா. அதுபோல நம் சங்கத்திலும் ஒரு குறிப்பேடு வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். பந்தலை எடுத்த வீடு, எடுத்த நாள், திரும்பிய நாள், உலர்ந்து வந்ததா, ஈரமாக வந்ததா என்னும் ஐந்து கட்டங்கள் போதும். ஈரமாக வந்தால் குற்றமில்லை. துக்க வீட்டார் துணி காயும்வரை காத்திருக்க வேண்டுமென்று யார் சொல்வார்? 'ஈரம்' என்று எழுதிய மறுநாள் நான்கு இளைஞர்கள் வந்து விரித்து உலர்த்தினால் முடிந்தது. அந்த நான்கு பேர் முறைவைத்துக்கொண்டு முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தை பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறியபின், மைதானத்தில் பந்தலை விரிப்போம். தூரிகை உள்ளவர்கள் தூரிகையோடு வாருங்கள். இல்லாதவர்கள் தேங்காய் நாரோடு வாருங்கள்.