நோயும் நாம் செய்யும் வேலையும்



சிங்கப்பூர் தேக்காவுக்குப் போனவர்கள் அங்கே 'பஃபலோ ரோடு' என்ற தெருவைப் பார்த்திருப்பீர்கள். எருமைச் சாலை என்று பொருள். பக்கத்து வட்டாரத்துக்கு மலாய் மொழியில் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைக் கொட்டில், என்று பெயர். இன்று பூக்கடையும் சேலைக்கடையும் நிறைந்திருக்கும் அந்த இடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் நடந்தது. நம்மவர்கள் பலர் மாடு வளர்த்தும் பால் கறந்தும் பிழைத்தார்கள். கால்நடையோடு வாழ்வது நமக்குப் புதிதன்று. அந்தக் கால்நடையிடமிருந்தும் காட்டுப் பிராணியிடமிருந்தும் நமக்கு வரக்கூடிய நோயைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

எபோலா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1976-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நோய் அது. காங்கோ நாட்டில் ஓடும் ஓர் ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000-க்கும் மேற்பட்டவர்களை அது கொன்றது. 'ஆப்பிரிக்கா எங்கே, நாம் எங்கே!' என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால், அதைப் போலவே மிகக் கொடிய கிருமி ஒன்று நம் வாசலிலேயே தோன்றியது. அதன் பெயர் நிப்பா.

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மலேசியாவில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி, வாந்தி, பிறகு மயக்கம். சிலர் நினைவு திரும்பாமலே இறந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதினார்கள். கொசுமருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயோ நிற்கவில்லை. விற்கப்பட்ட பன்றிகளோடு சேர்ந்து நெகிரி செம்பிலானுக்கும் போய்ச் சேர்ந்தது.

இங்கே நாம் சற்று யோசிக்கவேண்டும். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? குழந்தையையும் கடிக்கும், கிழவியையும் கடிக்கும், பக்கத்து வீட்டுக்காரரையும் கடிக்கும். ஆனால் படுக்கையில் விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றியைத் தொட்டு வேலை செய்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். அப்படியானால் நோய் கொசுவிலா இருக்கிறது, வேலையிலா இருக்கிறது? 1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், இது வேறொரு புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயர் அதற்கு அமைந்தது.

அதே மார்ச் மாதம் சிங்கப்பூரிலும் 11 பேருக்கு இந்நோய் கண்டது. சிங்கப்பூரில் அப்போது பன்றிப் பண்ணைகள் இல்லை. 1980-களில் தொடங்கிப் படிப்படியாக மூடிவிட்டார்கள். பின் எப்படி வந்தது? அந்த 11 பேரும் இறைச்சிக்காகப் பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை செய்தவர்கள். மலேசியாவிலிருந்து உயிரோடு வந்த பன்றிகளை அவர்கள் கையாண்டிருந்தார்கள். ஒருவர் இறந்துபோனார். வேலை தெரிந்தது, வழியும் தெரிந்தது. பன்றி இறக்குமதியை நிறுத்தினார்கள், கூடங்களை மூடினார்கள், நோய் அங்கே அடங்கியது. மலேசியாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பிறகே அடங்கியது. அதற்குள் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டார்கள்.

பன்றிக்கு இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவாலிடமிருந்து. வௌவாலுக்கு அது தீங்கு செய்வதில்லை. பண்ணையை ஒட்டிய பழமரத்தில் வௌவால் கடித்துப் போட்ட பழமும் அதன் எச்சமும் பன்றிக் கொட்டிலில் விழுந்தால் போதும். பின்னர் தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரிலும், அவை கடித்த பழத்திலும் இக்கிருமியைக் கண்டார்கள். வங்காளதேசத்தில் இரவில் கட்டிய கலயத்தை வௌவால் நக்க, காய்ச்சாத ஈச்சமரச் சாற்றைக் குடித்தவர்களுக்கும் நோய் வந்தது.

நோயாளியிடமிருந்தும் வரலாம். 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் 17 பேர் இறந்தார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்ற செவிலியரும் அவர்களில் ஒருவர். எபோலாவும் இவ்வாறே பரவுகிறது. நோயாளியின் இரத்தம், வாந்தி, மலம் ஆகியவற்றைத் தொட்டவர்களையும், இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டியவர்களையும் அது பற்றுகிறது. அன்பு செலுத்தும் கைக்குத்தான் ஆபத்து அதிகம். அதற்காக அன்பைக் கைவிடச் சொல்லவில்லை. கையைக் காத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

எபோலாவின் ஒரு வகைக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. நிப்பாவுக்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. ஆகவே நம் பழக்கமே நமக்குக் காவல். வௌவாலோ அணிலோ கடித்த பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மற்றப் பழங்களைக் கழுவி, தோல் சீவிக் கொடுங்கள். பழமரத்தின் அடியில் பன்றியைக் கட்டாதீர்கள். பிராணிகள் காரணமில்லாமல் இருமினாலோ செத்தாலோ வெறுங்கையால் தொடாமல் கால்நடை அதிகாரிக்குச் சொல்லுங்கள். இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். வெப்பத்தில் கிருமி சாகும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கிருமியின் கொழுப்பு உறையை அது கரைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கடுங்காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது, நாம் என்ன வேலை செய்கிறோம், எந்தப் பிராணியைத் தொட்டோம், எங்கே போய்வந்தோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லவேண்டும். சிலர் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள். சிலர், 'வேலை போய்விடுமே' என்று அஞ்சுகிறார்கள். உழைப்பில் கூச்சப்பட எதுவுமில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம். உயிரை எங்கே தேடுவது? அன்று சிங்கப்பூரில் நோயின் வழியைக் காட்டியது அந்தத் தொழிலாளிகளின் வேலைதான். நாம் சொல்லும் ஒரு வார்த்தை, நம்மோடு வேலை செய்யும் பத்துப் பேரைக் காப்பாற்றும்.