பாடத்தைச் சட்டமாக்கு!

(தொழிற்சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

பள்ளிக்கூடத்தில் பாலியல் கல்வி என்றதும் முன்வரிசையில் சிலர் தலை குனிகிறீர்கள். நாமும் இதை மேடைக்குக் கொண்டுவர நெடுநாள் தயங்கியவர்கள்தான். கூலி, போனஸ், பஞ்சப்படி என்று முழங்கும் நாக்கு இந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது!

ஸ்வீடன் தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். கருத்தடைச் சாதனங்களைப் பற்றி விளம்பரம் செய்வது குற்றம் என்று 1910-ல் அங்கே சட்டம் போட்டார்கள். பணக்காரன் வீட்டுக்கு டாக்டர் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போவார். மரம் வெட்டுகிறவன் பெண்டாட்டிக்கு யார் சொல்வது? எலிசே ஒட்டேசன்-யென்சன் என்ற அம்மையார் சொன்னார். நார்வேயில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். மணமாகாமல் கர்ப்பமுற்ற இவருடைய தங்கையை, குடும்ப மானத்துக்கு அஞ்சி, டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வேதனை இவரை விடவில்லை. ஸ்வீடனில் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். 1933-ல் டாக்டர்களையும் தொழிற்சங்கத்தாரையும் சேர்த்து ஒரு சங்கம் கண்டார். 1938-ல் பழைய தடை ஒழிந்தது. 1955-ல் பள்ளிகளில் பாலியல் கல்வி கட்டாயமாயிற்று. உலகிலேயே முதன்முதலாக!

நம் நாட்டில் என்ன நிலை? எல்லாப் பள்ளிகளும் இந்தப் பாடத்தை நடத்தியே தீர வேண்டுமென்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் இல்லை. வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு 2007-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் முதலிய மாநில சர்க்கார்கள் தடை போட்டன. பண்பாடு கெட்டுவிடுமாம்! பாடம் சொல்வதால் பிள்ளைகள் தவறான வழியில் போவதில்லை என்று யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டி ஆராய்ச்சிகளைக் காட்டிச் சொல்கிறது.

2012-ல் போக்சோ சட்டம் வந்தது. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பாலியல் கொடுமை இழைப்பவனை அது தண்டிக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால், அப்பா இரவு ஷிப்டில், அம்மா நடவில், பிள்ளை வீட்டில் தனியே. தனக்கு நேர்ந்தது குற்றம் என்றே அறியாத பிள்ளை, எந்த வார்த்தையைக் கொண்டு யாரிடம் புகார் சொல்லும்? வசதியுள்ளவன் பிள்ளைக்குச் சொல்ல ஆள் உண்டு. நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு வழியில்லை.

2024 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் விரிவான பாலியல் கல்வி தேவை என்று சொல்லி, அதற்கு நிபுணர் குழு அமைப்பதைப் பரிசீலிக்கும்படி மத்திய சர்க்காருக்கு யோசனை கூறியது. யோசனை வேறு, சட்டம் வேறு. எட்டு மணி நேர வேலையை யோசனையாகவா வாங்கினோம்?

மகஜர் வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், வீட்டுப் பெண்களையும் அழைத்துவந்து போடச் செய்யுங்கள்.