வாசல் வரைக்கும் வர ஒரு கை

(கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பத்திப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் வேற ஒண்ணு பேசிக்கிறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். படுத்துக் கெடக்கிறவங்களைப் பத்திப் பேசப் போறேன். நம்ம கூட்டங்களுக்கு வர முடியாதவங்களைப் பத்தி.

முதல்ல ஒரு வார்த்தையை எடுத்துக்குவோம். சமூகப் பராமரிப்பு. வயதானவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் தீராத நோயாளிகளையும் விடுதியிலோ ஆஸ்பத்திரியிலோ கொண்டுபோய் அடைக்காமல், அவரவர் வீட்டில், அவரவர் விருப்பப்படி வாழ்வதற்கு வேண்டிய உதவியை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அதற்குப் பொருள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழில் 'சமூகம்' என்றால் என்ன? வாடகைக்கு வீடு கேட்டுப் போனா, "நீங்க என்ன சமூகம்?"னு கேக்கறான். தாலுகா ஆபீஸில் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்று எதைக் கொடுக்கிறார்கள்? இங்கே சமூகம் என்றால் சாதி. அப்படியானால் சமூகப் பராமரிப்பு என்றால்? எந்தச் சமூகம் எந்தச் சமூகத்தைப் பராமரிக்கிறது? இந்த ஒரு கேள்விதான் என் பேச்சு.

நான் வங்கியில குமாஸ்தா. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறவன். ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு மத்தியானம், பிளாஸ்டிக் நாற்காலியோட ஒரு ஆயாவைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. முன்னால பேரன், பின்னால ஷேர் ஆட்டோ ஓட்டுறவர். முதியோர் உதவித்தொகைக் கணக்கு முடங்கிப் போச்சு, ஆளை நேர்ல பாக்கணும்னு சொல்லி அனுப்பியிருந்தோம். மெஷின்ல விரலை வச்சா ரேகை விழலை. பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தோம். நாத்து நட்டு, கரும்பு வெட்டி, செங்கல் சுமந்த விரல்கள். உழைப்பு ரேகையைத் தின்னுடுச்சு. ரேகை இல்லேன்னா நீ நீயே இல்லேன்னு மெஷின் சொல்லுது. "அடுத்த வாரம் வந்து பாருங்க"ன்னு சொல்லி அனுப்பினது யாரு? நான்தான்.

70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் எடுப்பது, கட்டுவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே போய்க் கொடுக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவு போட்டது. அந்தத் தாள் எங்க கிளை ஃபைல்லயே இருந்துச்சு. நான் படிச்சிருக்கேன். படிச்சவன், அதிலயும் நம்ம ஆளு, அவனே நாற்காலியில தூக்கிட்டு வந்த ஆயாவைத் திருப்பி அனுப்பினான். இதைச் சொல்லாம மேல பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சனிக்கிழமை மெஷினை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனேன். ஊரைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, சேரியில கடைசித் தெரு. பழைய தொகுப்பு வீடு. வாசல்ல மூணு படி. கைப்பிடி கிடையாது. கக்கூஸ் கட்டியிருக்கு, தண்ணி இல்லாததால அதுல விறகு அடுக்கியிருக்கு. மகன் திருப்பூர்ல. மருமகள் காலையில ஆறு மணிக்குக் களை வெட்டப் போனா மூணு மணிக்குத்தான் திரும்புவாங்க. தலைமாட்டுல கஞ்சியும் ஒரு சொம்புத் தண்ணியும் இருந்துச்சு. சொம்பு நெறைய அப்படியே இருந்துச்சு. "ஏன் ஆயா தண்ணி குடிக்கலை?"ன்னு கேட்டேன். "குடிச்சா ஒண்ணுக்கு வரும் சாமி. வந்தா தூக்கி விட ஆளு யாரு இருக்கா?"

தோழர்களே, பசியைப் பத்தி நாம நெறைய எழுதியிருக்கோம். தண்ணி பக்கத்தில இருந்தும், தூக்க ஒரு கை இல்லாததால குடிக்காம கெடக்கிற தாகத்தைப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதினதில்லை.

"வேற என்ன ஆயா வேணும்?"னு கேட்டேன். பணம் கேக்கும்னு நினைச்சேன். "வாசல் வரைக்கும் வந்து ஒக்காரணும். போறவங்க வர்றவங்களைப் பாக்கணும்"னு சொல்லிச்சு.

அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாங்க. அவங்க டவுன்ல வீட்டு நர்ஸ் வேலைக்குப் போறவங்க. ஏஜென்சி மூலமா ஒரு ரிடையர்டு அதிகாரி வீட்டுல, பக்கவாதம் வந்த அவரைப் பாத்துக்கறாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் புரட்டிப் படுக்க வைக்கிறது, படுக்கைப் புண் வராம துடைச்சு விடறது, மூத்திரப் பையை மாத்தறது, எல்லாம் அத்துப்படி. இந்தத் தெருவிலேயே ஆயாவைப் பாத்துக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான். ஆனா பன்னெண்டு மணி நேரம் அங்க இருக்காங்க. "அங்க உங்களை எப்படி நடத்துறாங்கக்கா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "ஐயாவோட பீயைத் துடைக்கலாம். குடத்துல தண்ணி மொள்ளக் கூடாது. எனக்குத் தனி டம்ளரு, கொல்லைப்பக்கம் கவுத்து வச்சிருக்கும்."

தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடினோம். அந்தக் குவளை பக்கவாதக்காரரின் கொல்லைப்புறத்தில் பத்திரமாக இருக்கிறது. மலம் துடைக்கும்போது தீட்டாகாத கை, தண்ணீர் மொள்ளும்போது தீட்டாகிவிடுகிறது. உடம்பு அழுகாமல் இருக்க நம் கை வேண்டும். உடம்பு எழுந்து உட்கார்ந்ததும் அந்தக் கை எட்டி நிற்க வேண்டும். தீண்டாமையை வெறும் தொடாமை என்று நினைத்துவிடாதீர்கள். யாரைத் தொட வைப்பது, எப்போது தொட வைப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம்தான் அது.

எங்க பக்கம் ஆயான்னா பாட்டி. ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் ஆயா என்றால் கழுவித் துடைக்கிற பெண். ஒரே சொல். அன்பு என்ற பெயரில் ஒருத்தியிடமும் கூலி என்ற பெயரில் இன்னொருத்தியிடமும் ஒரே வேலையை வாங்குகிறது இந்த அமைப்பு. முதல் ஆளுக்குச் சம்பளமே இல்லை. இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொஞ்சம், மரியாதை இல்லை. 'பெத்தவங்களை முதியோர் இல்லத்தில் தள்ளலாமா' என்று சினிமா அழுகிறதே, அது தள்ளுவதற்குக் காசு உள்ளவர்களின் அழுகை. குடும்பம்தான் கோயில் என்று சொல்பவர்கள், அந்தக் கோயிலில் மருமகள்தான் துப்புரவுப் பணியாளர் என்பதைச் சொல்வதில்லை. ஒருநாள் கூலியை விட்டுட்டு அந்த மருமகள் வீட்டில இருந்தா அடுப்பு எரியாது. அவரைக் குற்றம் சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது.

அரசு ஒண்ணுமே செய்யலைன்னு நான் சொல்ல வரலை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வந்தது. இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்தன. அந்த ஆயாவுக்கும் மாத்திரை வந்துச்சு. ஆனா மாத்திரையை முழுங்கத் தண்ணி குடிக்கணுமே! மாதம் ஒருமுறை வருகிற மருந்து வேறு. தினமும் காலையில் தூக்கி உட்கார வைக்கிற கை வேறு. அந்தத் திட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் தன்னார்வலர்களும் பெண்களே. அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. பராமரிப்பு என்று வந்துவிட்டால் அரசுகூட 'தன்னார்வம்' என்று பெயர் வைத்துவிடுகிறது.

சட்டமும் இருக்கிறது. சுயமாகவும் சமூகத்தின் நடுவிலும் வாழ்வது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று 2006-இன் ஐ.நா. உடன்படிக்கை, 19-ஆம் பிரிவில் சொல்கிறது. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கூடுதல் உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றியும் பேசுகிறது. இந்தப் பக்கம் பாருங்கள்: முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயது வரையானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-இல் இருந்த அந்தத் தொகை பதினைந்து வருசத்துக்கு மேல அசையவே இல்லை. மீதியை மாநில அரசு போட்டு, 2023-இல் 1200 ஆக்கியது. 1200 ரூபாயில் எந்தக் கையை வாங்க முடியும்?

நடக்காத காரியமான்னு கேட்டா, பக்கத்தில கேரளாவைப் பாருங்க. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி ஒரு சிறு குழுவாகத் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவம், பிறகு அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து வீடுகளுக்குள் போனது. 2008-இல் மாநில அரசு அதற்கென்று கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகள் நர்சை வைத்து வீட்டுக்கு அனுப்புகின்றன. ஆனால் 'அக்கம்பக்கம்' என்ற சொல்லை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. ஊர் வேறு, சேரி வேறு என்று இருக்கும் இடத்தில் யாருக்கு யார் அக்கம்பக்கம்?

இனி நம் இயக்கத்தோடு தொடர்புள்ள ஒரு வரலாறு. 1972-இல் மும்பையில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் போன்ற இளம் எழுத்தாளர்கள் தலித் பேந்தர்சைத் தொடங்கினார்கள். பெயரை எங்கிருந்து எடுத்தார்கள்? அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து. அதே 1972-இல், அந்தச் சிறுத்தைகள் பிறந்த ஓக்லாந்துக்குப் பக்கத்து ஊரான பெர்க்லியில் இன்னொன்று தொடங்கியது. சுயவாழ்வு மையம். அதன் முன்னோடி எட் ராபர்ட்ஸ். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர், மூச்சுக்குக்கூட இயந்திரத்தை நம்பியவர். அவர்கள் சொன்னது இதுதான்: எல்லா வேலையையும் தானே செய்துகொள்வது சுயவாழ்வு அல்ல. எப்போது எழுவது, எதை உண்பது, யார் என்னைத் தூக்குவது என்பதை நான் முடிவு செய்வதே சுயவாழ்வு. உதவிக்கு வருபவர் எஜமானும் அல்ல, அடிமையும் அல்ல. கூலி பெறும் தொழிலாளி.

நம்ம ஊர்ல இதுக்கு ஏற்கெனவே ஒரு பேர் உண்டு, சுயமரியாதை.

1973-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் எந்த இடத்திலும் ஊனத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது அதன் 504-ஆம் பிரிவு. நான்கு ஆண்டுகள் அதற்கான விதிகளில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம். அவர்களுக்குத் தினமும் சூடாகச் சோறு கொண்டுவந்தது யார்? கறுப்புச் சிறுத்தைகள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பிராட் லோமாக்ஸ் என்ற சிறுத்தைத் தோழரும் ஒருவர். சக்கர நாற்காலிக்காரர். அவருக்கு உதவியாளராகக் கூட இருந்த சக் ஜாக்சனும் சிறுத்தைதான். ஏப்ரல் 28 அன்று கையெழுத்து விழுந்தது.

துப்பாக்கி ஏந்திய சிறுத்தையின் படம் நம்ம சுவர்ல இருக்கு. சோத்துப் பானை தூக்கின சிறுத்தை, தோழனைக் குளிப்பாட்டின சிறுத்தை ஏன் நம்ம கண்ணுக்குப் படலை? அது பொம்பளை வேலைன்னு நாமளும் ஒதுக்கி வச்சுட்டோமா? ஊர்க்காரனுக்குத் தீட்டு, நமக்கு ஆம்பளைத்தனம். ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது.

அதனால மாணவர்களுக்கு மூணு வேலை சொல்றேன். ஒண்ணு, உங்க சேரியில எழுந்து நடமாட முடியாதவங்க எத்தனை பேர், யாருக்கு என்ன தேவைன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. சாய்தளம், கைப்பிடி, கக்கூஸுக்குத் தண்ணி, சக்கர நாற்காலி, வீட்டுக்கு வந்து தரும் வங்கிச் சேவைன்னு பேர் போட்டு எழுதுங்க. ரெண்டு, ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் கிராம சபை கூடும்போது அந்த நோட்டைத் தீர்மானமா வைங்க. மூணு, பராமரிப்பு வேலைக்கு முறையான சம்பளம், விடுப்பு, சமமான குவளை என்ற கோரிக்கையை நம் இயக்கத்தின் கோரிக்கையாக்குங்கள். படுத்திருப்பவரின் உரிமைக்கும் தூக்குபவரின் உரிமைக்கும் சேர்த்துப் போராட வேண்டும். ஒன்றை விட்டு இன்னொன்று என்றால், மறுபடியும் நம் அக்காக்களின் முதுகில்தான் இன்னொருவரின் சுயவாழ்வு ஏறி உட்காரும்.

கடைசியா ஒண்ணு. செத்த உடம்பைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பாதை கேட்டு நம்ம சனம் அடிபட்டிருக்கு, வழக்கு வாங்கியிருக்கு. அந்தப் போராட்டங்களுக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஆனா அதே உடம்பு உயிரோட இருந்தப்ப, கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில இருந்த பத்தடிப் பாதைக்காக நாம யாரும் போராடலை.

அந்த வீட்டு மூணு படியையும் இடிச்சு, தெருப் பசங்க ஒரு ஞாயித்துக்கிழமை சாய்தளம் போட்டாங்க. சிமெண்டு ரெண்டு மூட்டை என் செலவு. அதைப் பெருசாச் சொல்லிக்கலை. என் கவுண்டர்ல ஏற்பட்ட கடன்ல அது ஒரு சின்னத் தவணை. ஆயாவைத் தினமும் தூக்கி உட்கார வைக்க இன்னும் ஆள் இல்லை. மருமகளுக்கு வேலை இல்லாத நாள்ல மட்டும் அது வாசல்ல ஒக்காந்திருக்கு. அன்னைக்கு மட்டும் தண்ணி குடிக்குது.

ஜெய்பீம்.