கடைசிக் கட்டம் ஏன் தெரியவில்லை?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் படித்ததில்லை. ஆனாலும் நம் சங்கத்தின் இணையப் பக்கத்தை இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் என் தகுதி. இன்று அதைப் பற்றிப் பேச நேரம் கேட்டதற்குக் காரணம், போன மார்ச்சில் நடந்த ஒரு விஷயம்.

லிஃப்ட் சர்வீஸ் அறிவிப்பைப் பக்கத்தில் போட்டிருந்தேன். பிளாக், தேதி, வேலை, நேரம் என்று நான்கு கட்டம். பி பிளாக் நான்காவது மாடியில் இருக்கும் ஓர் அம்மா அதைச் செல்போனில் பார்த்திருக்கிறார். எழுத்து எறும்பு மாதிரி இருந்ததால் இரண்டு விரலால் பெரிதாக்கியிருக்கிறார். பிளாக்கும் தேதியும் தெரிந்தன. நேரம் மட்டும் வலது பக்கம் திரைக்கு வெளியே போய்விட்டது. அப்படி ஒரு கட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது. வழக்கம்போல மதியம்தான் சர்வீஸ் என்று நினைத்து, டயாலிசிஸுக்குப் போகவேண்டிய கணவரைக் காலை ஒன்பது மணிக்கு வீல்சேரில் கிளப்பிக்கொண்டு வந்தார். லிஃப்ட் எட்டரைக்கே நின்றுவிட்டது. வாட்ச்மேனும் இரண்டு பையன்களும் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு மாடியும் தூக்கி இறக்கினார்கள்.

"நேரம் போடலியே சார்" என்றார் அந்த அம்மா. "போட்டிருக்கேனேம்மா" என்று என் வீட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினேன். அதில் பளிச்சென்று இருந்தது. அவர் தன் போனைக் காட்டினார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

சி பிளாக்கில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு பெண் நாலைந்து சாயங்காலம் உட்கார்ந்து எனக்குப் புரியவைத்தாள். "அங்கிள், போன்னு ஒண்ணு இருக்கிறதே உங்க பக்கத்துக்குத் தெரியாது" என்றாள். 2007இல் ஐபோன் வந்தபோது இருந்த பக்கங்கள் எல்லாம் பெரிய திரைக்காகச் செய்தவை. அதனால் அதன் பிரவுசர் எந்தப் பக்கத்தையும் 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு, மொத்தத்தையும் சுருக்கிக் காட்டியது. மற்ற போன்களும் ஏறக்குறைய அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. இப்போதும் அப்படித்தான். "திரை எவ்வளவு அகலமோ அதையே அகலமாக எடுத்துக்கொள்" என்று பக்கத்தின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' வரி ஒன்று எழுதினால் சுருக்குவது நிற்கும். நம் பக்கத்தில் அந்த வரி இல்லை.

சேர்த்தோம். எழுத்து பெரிதானது. ஆனால் அட்டவணை 900 பிக்சல் என்று நான் அடித்து வைத்திருந்ததால் மறுபடி வலது பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அதை 100 சதவீதம் என்று மாற்றினோம். வட்டியை இத்தனை ரூபாய் என்று எழுதாமல் இத்தனை சதவீதம் என்று எழுதுவதுபோல. அசல் எவ்வளவானாலும் கணக்கு சரியாக வரும். படங்களுக்கும் "இருக்கும் இடத்தைத் தாண்டாதே" என்று ஒரு வரி. மூன்றாவதாக 'மீடியா க்வெரி': திரை 600 பிக்சலுக்குக் குறைந்தால் நான்கு கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு என்ற நிபந்தனை. வங்கியில் லெட்ஜர் அகலமாக இருக்கும், பாஸ்புக் ஒடுக்கமாக இருக்கும், கணக்கு ஒன்றுதான். அதேதான் இது.

இந்த மூன்றையும் சேர்த்து ஒரு முறையாகச் சொன்னவர் ஈதன் மார்காட் என்ற அமெரிக்கர், 2010 மே மாதம் எழுதிய ஒரு கட்டுரையில். அதற்கு முன்பெல்லாம் போனுக்கென்று தனியாக இன்னொரு தளம் வைப்பார்கள். அதன் கஷ்டம் எனக்குச் சொல்லாமலே புரிந்தது. ஒரே கணக்குக்கு இரண்டு லெட்ஜர் வைத்தால் என்றைக்காவது டாலி ஆகுமா? ஒன்றில் திருத்துவார்கள், மற்றதில் மறப்பார்கள்.

நம்மில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள், எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறோம். இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல் விதிமுறை 2018இல் வந்தது. 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடியவேண்டும் என்கிறது அது. 1280 பிக்சல் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கினால் மிஞ்சுவது அந்த 320தான். அட்டவணைக்கு அதில் விலக்கு உண்டு. லிஃப்ட் நேரத்துக்கு அந்த விலக்கு வேண்டாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

தமிழில் ஒரு தனித் தொல்லையும் உண்டு. 'நுழைவாயிலுக்கருகிலுள்ள' என்று ஒரே சொல்லாக எழுதினால் சின்னத் திரையில் அது உடையாமல் வெளியே நீளும். இப்போது 'வாசல் பக்கம்' என்று எழுதுகிறேன். படிக்கவும் நன்றாக இருக்கிறது.

செயலாளர் சாருக்கு ஒரு வேண்டுகோள். லெட்டர்பேடில் அடித்துக் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து எந்தத் திரைக்கும் மடங்காது. முத்திரையோடு படமும் இருக்கட்டும், கூடவே விஷயத்தை டைப் செய்தும் அனுப்புங்கள்.

தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பை இன்று காலை புது முறையில் போட்டிருக்கிறேன். என் போனிலும் லேப்டாப்பிலும் சரியாக இருக்கிறது. ஆனால் மார்ச்சிலும் எனக்குச் சரியாகத்தான் இருந்தது. அதனால் எல்லோரும் இப்போதே உங்கள் போனை எடுத்துத் திறந்து பாருங்கள். நேரம் தெரியாதவர்கள் கை தூக்குங்கள், நானே உங்கள் இடத்துக்கு வந்து பார்க்கிறேன்.