வேண்டாம் என்பவரையும் கேளுங்கள்



ஓர் ஊரில் அடிபம்பு போட வேண்டும் என்று வையுங்கள். கூட்டம் கூடுகிறது. ஊர்ப் பெரியவர் எழுந்து, "கோயில் பக்கம் போடலாம். எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்கிறார். முன்னால் இருக்கும் நாலு பேர் தலையை ஆட்டுகிறார்கள். பெண்கள் பின்னால் நிற்கிறார்கள். கோயில் பக்கத்துக் கிணறு கோடையில் வற்றிவிடும். தண்ணீர் சுமக்கும் அவர்களுக்கு அது தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை. பம்பு போட்டாயிற்று. சித்திரை மாதம் அடித்தால் காற்றுதான் வருகிறது.

மகாராஷ்டிர மாநிலம், கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கோண்டு மக்கள் வாழும் காட்டு ஊர். அங்கே வழக்கம் வேறு. கையைத் தூக்கச் சொல்லி, எண்ணி முடிவு செய்வதில்லை. ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் முடிவைத் தள்ளிப் போடுவார்கள். மறுபடியும் கூடிப் பேசுவார்கள். ஆண்களோடு பெண்களும் உட்கார்ந்து பேசுவார்கள். விஷயத்தைத் தெரிந்துகொள்ளத் தனியாகப் படிப்பு வட்டம் ஒன்றும் உண்டு. வெளியூரில் விவரம் தெரிந்தவர் வந்தால் அவரிடமும் கேட்பார்கள். ஆனால் முடிவு எடுப்பது ஊர்தான்.

வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. 2009-இல் மேண்டாவுக்குச் சுமார் 1,800 எக்டேர் காட்டின் மீது ஊர்ப் பொது உரிமை கிடைத்தது. மூங்கிலை வெட்டி வெளியே அனுப்பும் உரிமை எளிதில் வரவில்லை. ஊரே விடாமல் கேட்டது. 2011-இல் அதுவும் வந்தது.

இப்படிப் பேசிக் கொண்டிருந்தால் நாள் ஆகுமே? ஆகும்தான். பம்பைப் பிடுங்கி வேறு இடத்தில் போட அதைவிட நாள் ஆகும். செலவும் ஆகும்.

ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். 1993-இல் நடைமுறைக்கு வந்த பஞ்சாயத்துச் சட்டத் திருத்தம் அப்படிச் சொல்கிறது. அங்கே நீளமாகப் பேச வேண்டியதில்லை. "ஐயா, கோடையில் அங்கே தண்ணீர் நிற்குமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்டவர் எந்தத் தெரு, யார் வீட்டு மருமகள் என்று பார்க்காதீர்கள். கேள்வி சரியா என்று பாருங்கள். தலைவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் பலருக்கு வாய் வராது.

கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகம் கைக்கு வரும். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்களே ஒரு முறை படியுங்கள். இப்போதுதான் படிக்கத் தெரியுமே! பேசியதும் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.