சாய்ந்த வண்டியும் சர்வேயரும்

சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்று விபத்தில் சிக்கிச் சாய்ந்துவிட்டால், உடைந்த ஹெட்லைட்டையும் வளைந்த பிரேக் பெடலையும் கண்டு கலங்குகிற நாம், அவற்றைவிட அதிகச் செலவு வைக்கக்கூடிய முன்பக்க ஃபோர்க்கைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஹேண்டில்பாரை நேராகப் பிடித்திருந்தும் வண்டி ஒரு பக்கமாக இழுக்குமானால், ஃபோர்க்கோ, சமயத்தில் சேஸிஸேயோ கோணியிருக்கலாம் என்று அனுபவசாலியான மெக்கானிக் அனுமானித்துவிடுவார். பட்டறையில் பெண்டு எடுத்துக்கொள்ளலாம் என்பது சிக்கனமான யோசனைதான். ஆயினும் வளைந்து நிமிர்ந்த இரும்புக்குப் பழைய பலம் உண்டென்று எவரும் உத்தரவாதம் தர இயலாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று ஆறுதல் அடையுமுன் பாலிஸியைப் பிரித்துப் பார்ப்பது உசிதம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான காப்பீட்டை மட்டுமே. நம் வண்டியின் சேதத்துக்கு அதில் காலணாவும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் பாலிஸி எடுத்தவர்களுக்கோ, தேய்மானக் கழிவு காத்திருக்கிறது: சாதாரண பாலிஸியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் (இன்றைய வண்டிகளில் பிளாஸ்டிக் அல்லாதது எவ்வளவு என்பதை நேயர்களே பார்த்துக்கொள்ளலாம்); ஐந்தாண்டு தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதமாவது பிடித்தம். கிடைக்கிற அந்தத் தொகையையும் இழக்காதிருக்க, மெக்கானிக் ஸ்பேனரை எடுக்குமுன் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியை அப்படியே நிறுத்தி வையுங்கள்.