பிரிஸ்டல் பேருந்துப் புறக்கணிப்பு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1963-இல் கறுப்பர்கள் பேருந்தில் காசு கொடுத்துப் பயணம் செய்யலாம். ஆனால், அதே பேருந்தில் டிக்கெட் கிழிக்கும் வேலை அவர்களுக்குக் கிடையாது. கய் பெய்லி என்ற இளைஞரை நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்ன பேருந்து நிறுவனம், அவர் ஜமைக்காக்காரர் என்று தெரிந்ததும் கையை விரித்துவிட்டது. அதைத் தட்டிக் கேட்க அன்று சட்டம் இல்லை. ஊரார்தான் கேட்டார்கள். பால் ஸ்டீவன்சன், ராய் ஹேக்கெட் முதலானோர் ஏப்ரல் இறுதியில் பேருந்துப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். மாணவர்கள் ஆதரவாக ஊர்வலம் போனார்கள். நான்கே மாதத்தில், ஆகஸ்ட் 28 அன்று, நிறுவனம் இறங்கி வந்தது. செப்டம்பரில் வெள்ளையர் அல்லாத ஒருவர், ரக்பீர் சிங் என்ற சீக்கியர், நடத்துநராகச் சேர்ந்தார்.

கறுப்பர்களைச் சேர்த்தால் வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் விலகிவிடுவார்கள் என்பது நிர்வாகம் சொன்ன சாக்கு. லண்டன் பேருந்து நிர்வாகமோ 1956 முதலே பார்படோஸில் ஆள் எடுத்து வந்தது. லண்டனில் பேருந்து ஓடாமலா போயிற்று? ‘இதெல்லாம் அரசாங்கம் சட்டம் போட்டுச் செய்ய வேண்டிய காரியம் அல்லவா?’ என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால், 1965-இல் வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களோடு நின்றுவிட்டது. வேலைக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு 1968-இல்தான் கிடைத்தது. சட்டம் வரட்டும் என்று பிரிஸ்டல் மக்கள் காத்திருந்தால், இன்னும் ஐந்து வருஷம் அந்த வேலைக் கதவு சாத்தியே இருந்திருக்கும். சம வாய்ப்பை நிலைநிறுத்தச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தை வரவழைக்க, வாய் திறந்து கேட்கும் மக்கள் வேண்டும்.